சொல்தா முருகேசனின் விலா எலும்புகள்

போன மாதம் ஒரு காலை, தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது என் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பதிவு செய்த பெண் குரல், படு இனிமையாகப் பேசியது. "வணக்கம். உங்கள் குடும்பத்தில் இதயம் நின்று சிகிச்சை பெற்றவர் இப்போது உயிருடன் இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும். இல்லையென்றால் எண் இரண்டை அழுத்தவும். கேள்வியை மீண்டும் கேட்க நட்சத்திரத்தை அழுத்தவும்." நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் தோசை கருகிவிட்டது.

அனுப்பியது வேறு யாருமில்லை, நான் வேலை பார்த்த ஆராய்ச்சிப் பிரிவுதான். எனக்குப் பின் சேர்ந்த பெண்கள் சோதனைக்காக என் எண்ணையும் சேர்த்திருக்கிறார்கள். சாயங்காலம் அவர்களில் ஒருத்தி கூப்பிட்டு, "சிஸ்டர், மெசேஜ் நல்லாருக்குதா? பாதி பேரு கட் பண்ணிடறாங்க. சில பேரு திரும்பக் கூப்ட்டு கண்டபடி திட்றாங்க. ஏன் சிஸ்டர்?" என்று கேட்டாள். ஏன் என்பதைப் போனில் சொல்லி மாளாது. எனக்கும் இப்போது பேரன் பள்ளிக்குப் போனபிறகு வேலை ஒன்றும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நர்சிங் படித்ததையும், வார்டுகளில் ஓடியதையும் விட்டுவிடுகிறேன். எல்லா நர்சும் ஓடியவர்கள்தான். எனக்கு முட்டி தேய்ந்து ஓட முடியாமல் போனபோது, "உக்காந்து பாக்கற வேலை" என்று சொல்லி என்னை ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வேலைக்காக நான் ஏறி இறங்கிய மாடிப்படிகளை நினைத்தால் இன்றைக்கும் முட்டி வலிக்கிறது.

ஆராய்ச்சி இதுதான். திடீரென்று இதயம் நின்று விழுந்தவர்களில் யார் பிழைக்கிறார்கள், ஏன் பிழைக்கிறார்கள்? மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பு என்றால் குழாயில் அடைப்பு. இது மோட்டாரே நின்றுவிடுவது. நின்ற உடனே பக்கத்தில் இருக்கிறவர் நடு நெஞ்சில் கை வைத்து விடாமல் அழுத்தி, ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து மின்சாரம் கொடுத்தால் சிலர் எழுந்துவிடுவார்கள். அப்படி எழுந்து வீட்டுக்குப் போனவர்களைத் தேடிப்பிடித்து எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பது என் வேலை.

எங்கள் தலைவர் டாக்டர் பெர்னார். இந்த ஊர்க்காரர், பாரிஸில் படித்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக என்னை "சரோஜா" என்பவர், கோபத்தில் "சரோஜா அம்மா" என்பார். அதற்கு மேலும் போனால் "தயவு செய்து" வரும். பிரெஞ்சில் "அலோர்" என்று ஆரம்பித்தால் கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம். "கொஞ்ச நேரம்" என்ற பதில் அவரிடம் செல்லாது. "எவ்வளவு கொஞ்சம்?" என்று கேட்பார்.

நம் ஜனங்களோ, "அவர் விழுந்து எவ்வளவு நேரம் கழிச்சு அழுத்துனீங்க?" என்று கேட்டால், "ஒரு வெத்தல போடற நேரம் இருக்கும்" என்பார்கள். நான் அதையே எழுதிக்கொண்டு வந்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வெற்றிலை வாங்கிக் கொடுத்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டார். வாட்ச்மேனுக்கு வாழ்நாளில் கிடைக்காத ராஜமரியாதை. காம்பு கிள்ளினார், வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவினார், பாக்கைத் தேடினார், சாவகாசமாக மென்றார். முடித்துவிட்டு, "இந்தப் பாக்கு சரியில்ல டாக்டர், நாளைக்குக் கொட்டப்பாக்கு வாங்கியாந்தீங்கன்னா கணக்கு கரெக்டா வரும்" என்றார். டாக்டர் மறுநாள் கொட்டைப்பாக்கு வாங்கி வந்தார்.

அவர் தயாரித்த கேள்வித்தாளில் முதல் கேள்வி, "நோயாளி உயிருடன் இருக்கிறாரா?" நான் புதுசு. தாளில் எழுதியிருந்ததை அப்படியே படித்தேன். போனை எடுத்தது கனகசெட்டிக்குளத்து மீனவ அம்மாள் ஒருத்தி. அவள் புருஷன், டாக்டர் போகக்கூடாது என்று சொன்ன கடலுக்கு அன்றைக்குத்தான் போயிருந்தார். "எவடி அவ? ஆம்பள கடல்ல இருக்கும்போது கேக்கற கேள்வியாடி இது?" என்று ஆரம்பித்தவள் சொன்ன மிச்சத்தை இங்கே எழுத முடியாது. அதோடு விடவில்லை. பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே வந்து, என் மேசைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். "நீதானா அது? கேட்ட வாயால மாத்திச் சொல்லு." நான் எழுந்து நின்று, "அவரு நல்லாருப்பாரு, நூறு வயசு இருப்பாரு" என்று சொன்னேன். "சத்தமா சொல்லு, கடலுக்குக் கேக்கட்டும்" என்றாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். உடனே அவள் முகம் மலர்ந்து, பையிலிருந்து நெத்திலிக் கருவாடு எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். புருஷனும் பத்திரமாகக் கரை வந்து சேர்ந்தார்.

கருவாட்டு வாசனை பிடித்து டாக்டர் வெளியே வந்தார். நடந்ததைச் சொன்னேன். "அலோர், சரோஜா. இருக்காரான்னு கேக்காம, இருக்காருன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

"சாப்ட்டாரான்னு கேக்கலாம் சார். இருந்தா, சாப்ட்டாரு, இல்லன்னா இனிமேத்தான்னு சொல்லுவாங்க. தவறிப்போயிருந்தா அழுவாங்க."

அவர் அதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். "இறந்தவர் சாப்பிட்டார்னு யாராவது தப்பா சொல்ல வாய்ப்பு இருக்கா?"

"திதி நாளா இருந்தா காக்கா சாப்ட்டுச்சுன்னு சொல்லுவாங்க சார். அவரு சாப்ட்டாருன்னு சொல்ல மாட்டாங்க."

அன்று முதல் எங்கள் கேள்வித்தாளின் முதல் கேள்வி, "ஐயா சாப்பிட்டாரா?" நான் ஓய்வு பெறும்வரை யாரும் என்னைத் திட்டவில்லை. பாவம், இந்தப் பெண்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஊர் ஊராகப் போய் நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொடுப்பதும் எங்கள் வேலைதான். அதற்கென்று ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. வெளிநாட்டு ஆண், இடுப்பு வரைக்கும்தான் உடம்பு, சட்டை கிடையாது. காலாப்பட்டில் ஒரு கல்லூரி ஆபீஸில் பெண்களுக்கு வகுப்பு எடுக்கப்போனோம். ஒருத்தியும் பொம்மையைத் தொடவில்லை. ஒரு பெண் தன் துப்பட்டாவை எடுத்து அதற்குப் போர்த்தியே விட்டாள். டாக்டர் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். மானம் போகிறதே என்று நான் எழுந்து, "ஏம்மா, பொம்மைன்னு நெனைக்காதீங்க. உங்க மாமனார நெனச்சிக்கினு அழுத்துங்க" என்றேன். அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே வரிசை கட்டி வந்து அழுத்தினார்கள். மதியத்துக்குள் பொம்மையின் ஸ்பிரிங் உடைந்துவிட்டது. சிரிப்பு எதற்கென்று டாக்டருக்குக் கடைசிவரை புரியவில்லை. "நல்ல அழுத்தம்" என்று எழுதிக்கொண்டார்.

இனி சாரம் பகுதியில் இருந்த முருகேசனின் கதைக்கு வருகிறேன்.

முருகேசன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். அதற்கு வருஷா வருஷம் பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய், உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கவேண்டும். ஒரு நாள் காலை அவர் வீட்டுக் கூடத்தில் விழுந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஏதோ ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். பார்த்தால் இதயம் நின்றிருந்தது. மின்சாரம் கொடுத்தார்கள், ஓட ஆரம்பித்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் கண் விழித்து, முதல் வார்த்தையாகக் காப்பி கேட்டார். மறுபடி இதயம் நின்றால் தானாகவே மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றைத் தோளுக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். குடும்பம் ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டி இல்லாவிட்டால் அடுத்த முறை அவர் பிழைப்பது சந்தேகம்.

டாக்டருக்கு இன்னொன்றும் உறுத்தியது. "அலோர், சரோஜா அம்மா. ஆம்புலன்ஸ் அவ்வளவு லேட்டா போயிருக்கு. ஆனா மனுஷன் மூளை பளிச்சுன்னு இருக்கு. யாரோ அழுத்தியிருக்காங்க. வீட்ல கேட்டா யாரும் அழுத்தலன்னு சொல்றாங்க. தயவு செய்து போய்ப் பாருங்க."

"தயவு செய்து" வந்துவிட்டதால் உடனே ஸ்கூட்டியை எடுத்தேன்.

முருகேசன் கூடத்தில் ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தால் தலையணையை இறுக்கி, "அம்மாடி" என்றார். விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது. இப்படி அழுத்தும்போது உடைவது சகஜம். "வலிக்குதா ஐயா?" என்றேன். "பட்டாளத்துக்காரனுக்கு இன்னா வலி?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் மனைவி அஞ்சலை முந்திக்கொண்டார். "இதயம்லாம் ஒன்னும் நிக்கலம்மா. வெறும் மயக்கம். வெறும் வயித்துல காப்பி குடிச்சாரு, தல சுத்திடுச்சு."

மகன் பிரபு என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். "சிஸ்டர், உங்ககிட்ட மறைக்கல. இதயம் நின்னுடுச்சுன்னு எழுதினா, அன்னிக்கே செத்துட்டாருன்னுதான அர்த்தம்? நாளைக்கு அந்தப் பேப்பரு பிரான்சுக்குப் போச்சுன்னா பென்ஷன் நின்னுடாதா? செத்தவரு எப்டிய்யா வந்து கையெழுத்துப் போட்டாருன்னு கேஸு போட்டா நாங்க எங்க போவோம்?"

நான் எவ்வளவோ சொன்னேன். தெருக்கோடியில் இருக்கிற எவரோ அவனுக்குச் சட்டம் சொல்லியிருந்தார். தெருக்கோடிச் சட்டத்துக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

ஸ்கூட்டியைக் கிளப்பும்போது மருமகள் பின்னாலேயே ஓடி வந்தாள். "சிஸ்டர், என்னத் தெரியுதா? தேன்மொழி. காலாப்பட்டு ஆபீஸ்ல பொம்மைக்குத் துப்பட்டா போட்டேனே." அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மாமனார் விழுந்ததும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், அசைவில்லை. மூச்சு இல்லை, நடுநடுவே வாய் மட்டும் திறந்து மூடியது. மண்டியிட்டு அழுத்த ஆரம்பித்திருக்கிறாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டும் விடவில்லை. அதைப் பார்த்த அஞ்சலை, "ஐயோ, மருமவ மாமனாரக் கொல்றாளே" என்று போட்ட கூச்சல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டதாம். சைரன் சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்தார் நாலு பேராகச் சேர்ந்து இவளை இழுத்து உள்ளே தள்ளிவிட்டார்கள். அதனால்தான் ஆம்புலன்ஸ்காரர்கள் இவளைப் பார்க்கவில்லை.

"இப்ப வெறும் மயக்கம்னு சொல்றாங்க சிஸ்டர். அப்ப தெருவுல இன்னா பேசுவாங்க? மயங்கிக் கெடந்த கெழவன மருமவ அடிச்சி எலும்ப ஒடைச்சிட்டான்னு பேசறாங்க. வில்லியனூர்லருந்து எங்கண்ணன் என்ன கூட்டினு போக வரான். அவரு செத்தாருன்னா பென்ஷன் போவுதாம். சாவலன்னா என் மானம் போவுது."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "யாரும் அழுத்தல, ஆனாலும் பிழைச்சாருன்னு நான் எழுதினா, படிக்கிறவன் இன்னா நினைப்பான்? அழுத்தவே தேவையில்லன்னு நினைப்பான். அந்த ஆளோ பெட்டி இல்லாம உக்காந்திருக்கார். சரோஜா அம்மா, தயவு செய்து வண்டிய எடுங்க." என் ஸ்கூட்டியின் பின்னால் அந்த நெட்டை மனிதர் காலை மடக்கி உட்கார்ந்து சாரம் வரைக்கும் வந்தது ஊருக்கே வேடிக்கை.

நாங்கள் போனபோது வாசலில் தேன்மொழியின் அண்ணன் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தான். எதிர்வீட்டு அம்மாள் கோலம் போட்ட வாசலையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் உள்ளே போய், இதயம் ஒரு மோட்டார், அது நின்று ஓடியது, நின்றதைச் சொன்னால்தான் பெட்டி வைக்க முடியும் என்று பொறுமையாக விளக்கினார்.

"எங்கூட்டு மோட்டாருகூட அப்பப்ப நின்னு நின்னுதான் டாக்டரே ஓடுது" என்றார் அஞ்சலை. "அதுக்காக கெணறு செத்துப்போச்சுன்னா சொல்லுவோம்?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

முருகேசன் தலையணையோடு நிமிர்ந்தார். "டாக்டர், வருசா வருசம் கோட்டு மாட்டிக்கினு போய், உயிரோட இருக்கேன்னு காட்டிட்டு வரேன். ஒரு வருசம் தவறினது இல்ல. நடுவுல கொஞ்ச நேரம் செத்துட்டேன்னு எந்த மூஞ்ச வெச்சிக்கினு போய்ச் சொல்றது?"

"அடுத்த தடவை நின்னா?" என்றார் டாக்டர்.

"நிக்காது."

அப்போதுதான் தேன்மொழி உள்ளே இருந்து வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக மாமனார் முன்னால் நின்றாள். "மாமா, நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்க செத்துட்டீங்கன்னா நான் எழுப்பினவ. சாவலன்னா நான் அடிச்சவ. ரெண்டுல ஒன்னுதான் இருக்க முடியும். அடிச்சவன்னா சொல்லுங்க, அண்ணன் வந்திருக்கான், தோ கெளம்பறேன். நானா ஒன்னும் செய்யல. மாமனார நெனச்சிக்கினு அழுத்துன்னு இந்தச் சிஸ்டர்தான் சொல்லிக் குடுத்தாங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். டாக்டருக்கு அந்த நிமிடம்தான் காலாப்பட்டுச் சிரிப்பு புரிந்திருக்கவேண்டும். அவர் உதட்டை மடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

முருகேசன் மனைவி பக்கம் திரும்பினார். "அஞ்சலை, நீ பாத்தியே. எனக்கு மூச்சு இருந்துச்சா?"

அஞ்சலை தரையைப் பார்த்தார். "கண்ணு மேல சொருவிடுச்சுங்க. ஒதடு நீலமாப் போச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான் கத்திக்கினு நின்னேன். அவ ஒருத்திதான் உங்கள வுடல." சொல்லிவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். அது வரைக்கும் அந்த அம்மாள் மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. கண் முன்னால் புருஷன் நீலமாகிறதைப் பார்த்தவள், அதை மயக்கம் என்று சொல்லிச் சொல்லித்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

முருகேசன் எழுந்தார். பிரபு, "அப்பா, பென்ஷனு" என்று ஆரம்பித்தான். "போவட்டும்டா" என்றார். தலையணையை விடாமல் வாசல் வரை நடந்து போய் நிலைப்படியில் விறைப்பாக நின்றார். "எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னிக்கு நான் செத்துட்டேன். எம் மருமவதான் எழுப்பினா. எலும்பு ஒடைஞ்சது என்னுது, கேக்க வேண்டியவன் நான். இனிமே அவ அடிச்சான்னு எவனாவது வாயத் தொறந்தா..." இருமல் வந்துவிட்டது. தலையணையைக் கட்டிக்கொண்டு, "அம்மாடி" என்றார். எதிர்வீட்டு அம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டு, "செத்தவரு போடற சத்தத்தப் பாரேன்" என்றாள். அண்ணன்காரன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, தங்கையிடம் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டான்.

பென்ஷன் நிற்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை அவர் வழக்கம்போல் கோட்டு போட்டுக்கொண்டு போய், செத்ததையும் எழுந்ததையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். "நேர்ல வந்து நிக்கிறீங்களே ஐயா, அது போதும்" என்று அனுப்பிவிட்டார்களாம்.

பெட்டி வைக்கும் நாளன்று நான் கூடவே இருந்தேன். உள்ளே கொண்டுபோகும் முன் குடும்பத்தில் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். பிரபு பேனாவை வாங்கினான். முருகேசன் படுத்திருந்த இடத்திலிருந்தே கையை நீட்டித் தடுத்தார். "நீ எடு கைய. தேன்மொழி போடட்டும்." அஞ்சலைதான் மகன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி மருமகளிடம் கொடுத்தார். தேன்மொழி வாங்கினாள். பேனா காகிதத்தில் நிற்கவில்லை, விரலெல்லாம் உதறியது.

"அன்னிக்கு எலும்பு ஒடையற வரைக்கும் நடுங்காத கை, இன்னிக்கு இன்னாத்துக்கும்மா நடுங்குது?" என்று கேட்டார் முருகேசன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்க பாத்துக்கினு இல்லியே மாமா."